பலகையைப் படி! பார்சலை மறு!



நம் ஊர்களில் அடிக்கடி நடக்கும் காட்சி இது. இஷா தொழுகை முடிந்ததும் ஒரு வீட்டு வாசலில் வேன் வந்து நிற்கும். உள்ளே உம்மா அழுதுகொண்டிருப்பார். வாப்பா வாசலில் நின்று பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருப்பார். இருபது வயதுப் பையன் முதன்முதலாகச் சபர் புறப்படுகிறான். பள்ளிவாசல் இமாம் வந்து துஆ ஓதுவார். பத்துப் பேர் வேனில் ஏறி விமான நிலையம் வரை போய் வழியனுப்பிவிட்டு வருவார்கள்.

அந்தப் பையனின் பெட்டியில் என்ன இருக்கிறது? ஊறுகாய், அல்வா, கருவாடு, மசாலாப் பொடி, நாலு கைலி. அத்துடன் பக்கத்துத் தெருக்காரர் தன் மச்சானுக்குக் கொடுத்தனுப்பிய பார்சல் ஒன்று. டிராவல்ஸ்காரர் கடைசி நேரத்தில் கையில் திணித்த பார்சல் இன்னொன்று.

அவன் மண்டையில் என்ன இருக்கிறது? எந்த டெர்மினலில் இறங்குவோம் என்று தெரியுமா? பெட்டி எங்கே வரும் என்று தெரியுமா? அதிகாரி கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்வது என்று தெரியுமா? அந்தப் பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்றாவது தெரியுமா?

எதுவும் தெரியாது. ‘முன்னாலே போறவங்க பின்னாலேயே போ’ என்பதுதான் நாம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம்!

மூன்று தலைமுறையாகப் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பும் சமுதாயம் நாம். விமான நிலையத்துக்குள் எப்படி நடப்பது என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தோமா? இதைக் கேட்டால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். “நாங்க என்ன பாடம் படிச்சா போனோம்?” என்கிறார்கள்.

ஆம் பெரியவர்களே, நீங்கள் பாடம் படித்துத்தான் போனீர்கள்! ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன காலத்தில் கப்பல் தளத்தில் நாட்கணக்கில் இருந்தீர்கள். ஏற்கெனவே போய் வந்த காக்காமார்கள் அருகில் உட்கார்ந்து, எங்கே இறங்கணும், யாரிடம் என்ன பேசணும் என்று சொல்லித் தந்தார்கள். அந்தத் தளம்தான் உங்கள் பள்ளிக்கூடம். இன்று சென்னையிலிருந்து துபாய்க்கு நாலு மணி நேரம். அதில் பாதியைப் பையன் தூங்கிக் கழிக்கிறான். கப்பலோடு அந்தப் பள்ளிக்கூடமும் போய்விட்டது. அதற்குப் பதிலாக நாம் என்ன ஏற்பாடு செய்தோம்?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். அந்தப் பெரிய கட்டடத்துக்குள் நீ அறியாததை இன்னொருவன் அறிந்து வைத்திருக்கிறான். உன் அறியாமைதான் அவனுடைய முதல். அதை வைத்துத்தான் அவன் வியாபாரம் செய்கிறான்.

ஹஜ்ரத்துக்கே தெரியவில்லை!

உன்னைக் குறை சொல்லும் முன் என் வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2012ஆம் ஆண்டு. ஓர் உம்ரா குழுவுக்கு வழிகாட்டியாக என்னை அனுப்பினார்கள். என்னோடு 22 பேர். பாதிப் பேர் வயதான தாய்மார்கள். சென்னையிலிருந்து துபாய், அங்கே விமானம் மாறி ஜித்தா. துபாயில் இறங்கினோம். முன்னால் பெருங்கூட்டம் போய்க்கொண்டிருந்தது. நான் அந்தக் கூட்டத்தின் பின்னால் நடந்தேன். 22 பேரும் என் பின்னால் நடந்தார்கள்.

நீண்ட வரிசை. முக்கால் மணி நேரம் நின்றோம். கடைசியில் கண்ணாடிக்குள் இருந்த அரபி அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, “உனக்கு இந்த நாட்டு விசாவே இல்லையே, இங்கே எதற்கு வந்தாய்?” என்றார். அது துபாய்க்குள் நுழைகிறவர்கள் நிற்கும் வரிசை! விமானம் மாறிப் போகிறவர்கள் அந்தப் பக்கமே வரத் தேவையில்லை. அதிகாரி விரலை உயர்த்தி மேலே காட்டினார். தலைக்கு மேல் பலகை தொங்கியது. அரபியிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதியிருந்தது.

ஏழு ஆண்டு மதரஸாவில் அரபி படித்தவன் நான். ‘அல்வுஸூல்’ என்றால் வருகை, ‘அல்முகாதரா’ என்றால் புறப்பாடு, ‘ஜவாஸாத்’ என்றால் பாஸ்போர்ட் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அன்று நான் தலையை நிமிர்த்திப் பார்க்கவே இல்லை. முன்னே போனவனின் முதுகைத்தான் பார்த்தேன்!

திரும்ப ஓடினோம். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு வங்காளதேசத்துத் தொழிலாளி வழி காட்டினார். மறுபடி பாதுகாப்புச் சோதனை, மறுபடி நடை. கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவு மூடியிருந்தது. அடுத்த விமானத்துக்கு ஒன்பது மணி நேரம் அந்த மூதாட்டிகள் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு பெரியவர் மட்டும் சொன்னார்: “எங்களுக்குத்தான் ஓதத் தெரியாது ஹஜ்ரத், உங்களுக்குத் தெரியுமே!”

அந்த ஒரு வார்த்தை இன்றும் என்னைக் குத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான்கு கேள்விகள்

துபாய் விமான நிலையத்தையே உதாரணமாக எடுத்துக்கொள். நம் பிள்ளைகள் அதிகம் போவது அங்கேதான். 1960 செப்டம்பர் 30 அன்று மணலை இறுக்கிப் போட்ட ஓடுபாதையோடு திறந்த நிலையம் அது. 2024ஆம் ஆண்டில் மட்டும் 9 கோடியே 23 லட்சம் பயணிகள் அதன் வழியே சென்றார்கள். அவர்களில் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் இந்தியத் தடத்தில் வந்து போனவர்கள். சர்வதேசப் பயணிகள் எண்ணிக்கையில் உலகிலேயே முதலிடம். அவ்வளவு பெரிய நிலையத்தில் தொலைந்து போகாமல் நடக்க உனக்கு ஆங்கிலப் பட்டம் தேவையில்லை. நான்கு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் போதும்.

முதல் கேள்வி: எந்த டெர்மினல்? துபாயில் மூன்று டெர்மினல்கள். மூன்றாவது டெர்மினல் 2008இல் திறந்தது. அது எமிரேட்ஸ் விமானங்களுக்கு. முதல் டெர்மினலில் பெரும்பாலும் பிற நாட்டு விமானங்கள். இரண்டாவது டெர்மினல் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு நடந்து போக முடியாது. வாகனத்தில்தான் போக வேண்டும். ஒன்றிலும் மூன்றிலும் மெட்ரோ ரயில் நிலையம் உண்டு, இரண்டில் இல்லை. டாக்ஸிக்காரரிடம் ‘ஏர்போர்ட்’ என்று மட்டும் சொல்லி ஏறினால் எங்கே இறங்குவாய்? டெர்மினல் எண் உன் டிக்கெட்டிலேயே இருக்கிறது. வீட்டை விட்டுப் புறப்படும் முன் அதைப் பார்.

இரண்டாவது கேள்வி: எந்த கேட்? கேட்டின் பெயரில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஏ, பி, சி என்றால் மூன்றாவது டெர்மினல். டி என்றால் முதல் டெர்மினல். டி பகுதிக்கு நிலையத்துக்குள்ளேயே ரயில் ஏறிப் போக வேண்டும். ஏ பகுதிக்கும் அப்படியே. முதலில் எழுத்தைத் தேடு, அந்தப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எண்ணைத் தேடு. தெருப் பெயர் தெரியாமல் கதவு எண்ணைத் தேடினால் வீடு கிடைக்குமா? இன்னொன்றும் சொல்கிறேன். கையில் உள்ள அட்டையில் அச்சான கேட் எண் மாறலாம். சுவரில் உள்ள திரையில் உன் விமான எண்ணுக்கு நேரே என்ன இருக்கிறதோ அதுதான் கடைசிச் சொல். அரை மணிக்கு ஒருமுறை அந்தத் திரையைப் போய்ப் பார்.

மூன்றாவது கேள்வி: எத்தனை மணிக்கு? இதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.40 என்று போட்டிருந்தால், நீ விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 14ஆம் தேதி இரவு! 15ஆம் தேதி பகலெல்லாம் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு இரவு பெட்டியோடு வந்து நின்று, “விமானம் நேற்றே போய்விட்டது” என்று கேட்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். அட்டையில் இரண்டு நேரம் இருக்கும். ஒன்று ஏறும் நேரம், மற்றொன்று பறக்கும் நேரம். நீ பார்க்க வேண்டியது ஏறும் நேரத்தை. பறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டி வாங்கும் கவுண்டரைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். இருபது நிமிடம் முன்பு கேட்டை மூடிவிடுவார்கள். டிக்கெட்டில் உள்ளது எப்போதும் அந்தந்த ஊரின் நேரம்தான். துபாய் நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி பின்னால் இருக்கிறது. இறங்கியதும் கைக்கடிகாரத்தை மாற்று. ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதே. பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் இப்போது அந்த அறிவிப்புகளை நிறுத்திவிட்டார்கள். தொழுகை அறையில் தொழுதுவிட்டு, அங்கேயே சாய்ந்து கண்ணயர்ந்து விமானத்தை விட்டவர்களும் உண்டு. முஸாஃபிருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. தொழுதவுடன் எழுந்து கேட்டுக்கு நட!

நான்காவது கேள்வி: எந்த வழி? இறங்கியதும் உனக்கு இரண்டு வழிகள். அந்த நாட்டுக்குள் போகிறாயா, விமானம் மாறி வேறு நாட்டுக்குப் போகிறாயா? உள்ளே போகிறவன் வருகைப் பலகையைப் பின்பற்ற வேண்டும்: பாஸ்போர்ட் சோதனை, பெட்டி எடுக்கும் இடம், சுங்கம், வெளிவாசல். மாறிப் போகிறவன் இணைப்பு விமானப் பலகையைப் பின்பற்ற வேண்டும்: பாதுகாப்புச் சோதனை, திரை, கேட். நானும் 22 பேரும் செய்த தவறு இந்த ஒன்றில்தான்.

பெட்டியைப் போடும்போது கவுண்டரில் சிறு ஒட்டுத்தாள் தருவார்கள். அதைக் கிழித்து எறிந்துவிடாதே. உன் பெட்டிக்கு அதுதான் பட்டா. பெட்டி வரவில்லையென்றால் அந்த அரங்கை விட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவனத்தின் மேசைக்குப் போய் எழுத்தில் புகார் கொடு, புகார் எண்ணை வாங்கு. 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009இல் சேர்ந்தது. அதன்படி பெட்டிக்குள் சேதம் என்றால் 7 நாளுக்குள், பெட்டி தாமதமாக வந்தால் 21 நாளுக்குள் எழுத்து மூலம் முறையிட வேண்டும். வியாபாரிகளே! மாதிரிச் சரக்குப் பெட்டியைத் தொலைத்துவிட்டு, “விதி” என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகும் உங்களில் எத்தனை பேர் இதைச் செய்தீர்கள்?

தெரியாவிட்டால் கேள்! சீருடை அணிந்தவரிடம் கேள், தரை துடைப்பவரிடம் கேள். அட்டையைக் காட்டி விரலால் சுட்டினால் போதும், மொழி தேவையில்லை. கேட்பதற்கு வெட்கப்பட்டு வழி தவறுவதுதான் வெட்கம்.

இதுவா அமானிதம்?

இப்போது பார்சலுக்கு வருகிறேன். இதைப் பேசினால் பலருக்குக் கோபம் வரும். வரட்டும்!

“அமானிதம் தம்பி, அங்கே ஒரு ஆள் வந்து வாங்கிக்குவார்” என்று சொல்லி ஒட்டிய பொட்டலத்தைக் கையில் தருகிறார்கள். அமானிதம் என்ற புனிதமான வார்த்தையை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் பார்! சகோதரா, அமானிதம் என்பது இன்னது என்று அறிந்து, இன்னாருடையது என்று அறிந்து, பொறுப்பேற்பது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொட்டலத்தைச் சுமப்பதற்குப் பெயர் அமானிதம் இல்லை. அதற்குப் பெயர் கழுதைச் சுமை!

2019ஆம் ஆண்டு ஜூலையில் நடந்ததைக் கேள். மும்பையைச் சேர்ந்த இளம் முஸ்லிம் தம்பதியர். உறவுக்காரப் பெண்மணி ஒருவர், “உங்களுக்கு என் அன்பளிப்பு” என்று சொல்லிக் கத்தாருக்குச் சுற்றுலா அனுப்பினார். ஒரு பொட்டலத்தையும் கொடுத்தனுப்பினார். தோஹா ஹமத் விமான நிலையத்தில் அதைப் பிரித்தார்கள். உள்ளே நான்கு கிலோவுக்கு மேல் ஹஷீஷ். கணவனுக்கும் மனைவிக்கும் பத்தாண்டுச் சிறை! மனைவி அப்போது கர்ப்பிணி. குழந்தை சிறையில்தான் பிறந்தது. இங்கே குடும்பத்தார் ஓடாத இடமில்லை. உறவுக்காரரின் சூழ்ச்சி என்பதற்கான ஆதாரங்களை இந்தியப் போதைப்பொருள் தடுப்புத் துறையே திரட்டிக் கொடுத்த பிறகு, 2021 மார்ச்சில் அந்த நாட்டு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. ஏப்ரலில் ஊர் திரும்பினார்கள்.

அவர்களுக்காவது ஆதாரம் கிடைத்தது. உனக்குக் கிடைக்குமா? பொட்டலம் கொடுத்தவன் போனை அணைத்துவிட்டால் நீ யாரைக் காட்டுவாய்?

போதைப்பொருள் என்றால் நமக்கென்ன என்று நினைக்காதே. உன் உம்மா ஆசையாகக் கட்டிக்கொடுத்த குருமாப் பொடியில் கசகசா இருக்கிறது. நம் கடையில் மளிகைச் சாமானாக விற்கும் கசகசா ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் தடை செய்யப்பட்ட பொருள்! அது அபினிச் செடியின் விதை. இருமலுக்கும் வலிக்கும் இங்கே சாதாரணமாக வாங்கும் மருந்துகளில் உள்ள கோடீன், டிரமடால் போன்றவை அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை. மருத்துவரின் சீட்டும் அந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதியும் இல்லாமல் கொண்டு போனால் சிக்கல்தான். இது உம்மாவுக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

கவுண்டரில் உன்னிடம் கேட்பார்கள்: “இந்தப் பெட்டியை நீதான் அடுக்கினாயா? வேறு யாராவது ஏதாவது கொடுத்தார்களா?” நாம் காதில் வாங்காமலே தலையாட்டுகிறோம். அந்தத் தலையாட்டல் சாட்சியம், சகோதரா! வாசலில் துஆ ஓதிப் புறப்பட்டவன், பயணத்தின் முதல் கவுண்டரிலேயே பொய்ச் சாட்சி சொல்வதா?

ஆகவே பெட்டியை நீயே அடுக்கு. பூட்டை நீயே போடு. யாராவது ஏதாவது கொடுத்தால், அவர் முன்னாலேயே பிரித்துப் பார். பிரிக்கக் கூடாது என்கிறாரா? எடுத்துக்கொண்டு போகச் சொல். “மாமா கோவிச்சுக்குவார்” என்றால் கோபிக்கட்டும். மாமாவின் கோபம் ஒரு வாரம். சிறை பத்து வருடம்!

வியாபாரிகளே, உங்களிடம் ஒரு வார்த்தை

பர்மா பஜாரிலும் மண்ணடியிலும் உள்ளூர்க் கடைவீதிகளிலும் நேர்மையாகக் கடை வைத்து, வரி கட்டி, ஹலாலாகச் சம்பாதிக்கும் ஆயிரக்கணக்கான சகோதரர்களை நான் அறிவேன். அவர்களைப் பற்றி நான் பேசவில்லை. “குருவி” அனுப்பும் சிலரைப் பற்றிப் பேசுகிறேன்.

வேலையில்லாத பையனைப் பிடித்து, டிக்கெட்டும் கொஞ்சம் பணமும் கொடுத்து, “சும்மா போயிட்டு வா, ஒரு சாமானைக் கொண்டு வா” என்று அனுப்புகிறீர்களே, மாட்டினால் அவனுக்கு என்ன ஆகும் என்று சொல்லி அனுப்புகிறீர்களா? சுங்கச் சட்டம் 1962இன்படி சரக்கு பறிமுதல். அபராதம். பெரிய மதிப்பென்றால் ஏழாண்டு வரை சிறை. அந்நியச் செலாவணிப் பாதுகாப்பு, கடத்தல் தடுப்புக்கான 1974ஆம் ஆண்டின் காஃபிபோசா சட்டம் பாய்ந்தால், வழக்கு விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை உள்ளே. சரக்கு உங்களுடையது, லாபம் உங்களுடையது, சிறை மட்டும் ஏழை வீட்டுப் பிள்ளையுடையதா? உங்கள் சொந்த மகனைக் குருவியாக அனுப்புவீர்களா? பாஸ்போர்ட்டில் கறை படிந்தால் நாளை அவன் நல்ல வேலைக்குப் போகும் பாதை அடைபடாதா?

தம்பி, உன்னிடமும் சொல்கிறேன். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும் ஆண் 20 கிராம், பெண் 40 கிராம் வரை நகையைத் தீர்வையின்றிக் கொண்டு வர விதி இடம் தருகிறது. மற்றப் பொருட்களுக்கும் ஒரு மதிப்பு வரை விலக்கு உண்டு. இந்த அளவுகளை அரசு அவ்வப்போது மாற்றும். புறப்படும் முன் பார்த்துக்கொள். அதற்கு மேல் இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல், தீர்வையைக் கட்டு, ரசீது வாங்கு. பச்சை வழியில் நடப்பதே “என்னிடம் எதுவும் இல்லை” என்று சொல்வதாகும். தீர்வை கட்டப் பணம் இல்லையா? உண்மையாக அறிவித்த பொருளைச் சுங்கத்திலேயே ரசீதுக்கு ஒப்படைத்து, திரும்பிப் போகும்போது வாங்கிச் செல்லச் சட்டத்தின் 80ஆம் பிரிவில் வழி இருக்கிறது. நேர்வழிக்குச் சட்டத்தில் கதவு உண்டு. அந்தக் கதவு இருப்பதை உனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் குருவி கிடைக்காதே!

குனியாதே, மோதாதே

நம் பெயரையும் தாடியையும் பார்த்துச் சில இடங்களில் கூடுதலாகச் சோதிக்கிறார்கள். இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இராமேஸ்வரத்து மைந்தர், இந்த நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாமையே விட்டு வைத்தார்களா? 2009 ஏப்ரலில் டில்லி விமான நிலையத்தில் ஓர் அமெரிக்க விமான நிறுவன ஊழியர்கள் அவரை நிறுத்தி உடலைச் சோதித்தார்கள். 2011 செப்டம்பரில் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில், விமானத்தில் ஏறி அமர்ந்துவிட்டவரிடம் வந்து, அவருடைய கோட்டையும் காலணியையும் வாங்கிப் போய்ச் சோதித்தார்கள். அவர் கூச்சலிடவில்லை. அழுது குனியவும் இல்லை. விஷயம் வெளியே வந்ததும் இந்திய அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. அவர்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

இதில் பாடம் இருக்கிறது. “அவர்களெல்லாம் நம் எதிரிகள், கத்து” என்று ஒருவன் உன்னைத் தூண்டுவான். “எது சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் போ” என்று இன்னொருவன் சொல்வான். இரண்டும் தவறு. கேட்ட கேள்விக்கு மட்டும், உண்மையாக, நிதானமாகப் பதில் சொல். கேலிக்காகக்கூட ‘குண்டு’ என்ற வார்த்தையை வாயில் எடுக்காதே. அதே நேரம் உன் உரிமையையும் தெரிந்துகொள். சுங்கச் சட்டத்தின் 102ஆம் பிரிவின்படி, உடலைச் சோதிக்கும் முன் கெஜட்டட் அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ அழைத்துச் செல்லுமாறு நீ கேட்கலாம். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். உன் பொருளை எடுத்து வைத்தால் ரசீது கேள். எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. தெரியாத மொழியில் இருந்தால் வாசித்துச் சொல்லச் சொல். சுங்க அதிகாரியிடம் 108ஆம் பிரிவின் கீழ் கொடுக்கும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்கும். அங்கே போட்ட ஒரு கையெழுத்தை அழிக்கப் பத்தாண்டு வழக்காட வேண்டியிருக்கும்.

கடைசி வலை

இன்னொருவனும் உன் அறியாமையை முதலாக வைத்துக் காத்திருக்கிறான். அவன் ஏஜெண்டு. வேலைக்கு என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, விசிட் விசாவில் அனுப்புகிறான். “இமிக்ரேஷனில் கேட்டால் சுற்றுலா என்று சொல், மாமா மகன் கல்யாணம் என்று சொல்” என்று பொய்யை மனப்பாடம் செய்ய வைக்கிறான். பொய் சொல்கிறவன் நீ. மாட்டுகிறவன் நீ. அங்கே போன பிறகு சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்க உன்னிடம் வேலை ஒப்பந்தம் கிடையாது. விசிட் விசாவில் வேலை செய்தவன் என்று உன்னையே பிடிப்பார்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ‘ஈ.சி.ஆர்.’ என்ற குறி இருக்கும். அப்படிப்பட்டவர்கள் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போவதென்றால் குடியகல்வு அனுமதி பெற வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த ஏற்பாடு. இது உன்னைத் தடுக்கப் போட்ட வேலி அல்ல. முதலாளி யார், சம்பளம் எவ்வளவு என்பதைப் பதிவு செய்து உன்னைக் காக்கப் போட்டது. பதிவு பெற்ற ஏஜெண்டு சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்று அரசு உச்சவரம்பு வைத்தது. உன்னிடம் எவ்வளவு வாங்கினான்? ரசீது கொடுத்தானா? வீட்டில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேள். இமிக்ரேஷன் கவுண்டரில் நின்று வியர்க்காதே.

ஜமாஅத்துகளே!

கடைசியாக மஹல்லா நிர்வாகிகளுக்கு. பள்ளிவாசலுக்குப் பளிங்கு போடச் சபராளி அனுப்பும் பணம் வேண்டும். திருமண மண்டபம் கட்ட அவன் பணம் வேண்டும். அவன் புறப்படும் அன்று அவனுக்கு நீங்கள் கொடுத்தது என்ன?

பெரிய செலவு எதையும் கேட்கவில்லை. மாதம் ஓர் இரவு, இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம். விடுமுறையில் வந்திருக்கும் சபராளிகளில் விவரம் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். அடுத்த மாதம் புறப்படும் பையன்களையும், முடிந்தால் அவர்களின் வாப்பாவையும் உம்மாவையும் அழைத்து வாருங்கள். ஒரு டிக்கெட்டைக் காட்டி நான்கு கேள்விகளையும் கேளுங்கள். ஒரு பெட்டியைத் திறந்து, எது போகலாம், எது கூடாது என்று காட்டுங்கள். பார்சலை எப்படி மறுப்பது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். “மன்னிச்சுக்கங்க காக்கா, பிரிச்சுக் காட்டினா எடுத்துட்டுப் போறேன்” என்ற ஒரு வரி ஒரு குடும்பத்தையே காப்பாற்றும்.

சகோதரா! வாசலில் ஓதிய துஆ உன்னோடு வரும். இன்ஷா அல்லாஹ், பாதுகாப்பும் வரும். ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் துஆ மட்டும் ஓதுவது நம் வழி அல்ல. அடுத்த முறை அந்தப் பெரிய நிலையத்தில் இறங்கும்போது, முன்னே போகிறவனின் முதுகைப் பார்க்காதே.

தலையை நிமிர்த்து. பலகையைப் படி. பார்சலை மறு!